ஹார்ட்டெயிலா, ஃபுல் சஸ்பென்ஷனா: நாலு ரேஸ் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசி வரை படிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்காக. மவுண்டன் பைக்கில் முன்னாலும் பின்னாலும் குலுக்கலை வாங்கிக்கொள்கிற ஃபுல் சஸ்பென்ஷன்தான் வாங்கினேன், முன்னால் 120, பின்னால் 120 மி.மீ. அசையும். ஆனால் எல்லாரும் அதைத்தான் வாங்கணும் என்று சொல்ல மாட்டேன். முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் இருக்கிற என் பழைய ஹார்ட்டெயிலை நான் விற்கவும் இல்லை. ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

என்னைப் பற்றி இரண்டு வரி. வயது 43, எடை 71 கிலோ, கலிஃபோர்னியாவில் சான் ஹோசே, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிற ஆள். வாரத்துக்கு ஏழெட்டு மணி நேரம் மிதிப்பேன், அதற்கு மேல் வீட்டில் அனுமதி இல்லை. மேடு பள்ளம் ஏறி இறங்கி ஓட்டுகிற கிராஸ் கன்ட்ரி ரேஸில் கேட்டகிரி 2, அதாவது நடுத்தர நிலை, நாற்பதைத் தாண்டியவர்கள் பிரிவு. இருபத்தைந்து பேர் நின்றால் நடுவில் எங்கேயோ முடிப்பேன். மேடை ஏறின கதையெல்லாம் கிடையாது, அதனால் நான் சொல்வது என்னைப் போல நடுவில் முடிப்பவர்களுக்குத்தான் பொருந்தும். முதல் மூன்று இடத்துக்கு அடித்துக்கொள்பவர்களின் கணக்கு வேறு.

பழைய வண்டி ஒன்பது வருஷ அலுமினிய ஹார்ட்டெயில். 29 இன்ச் சக்கரம், 100 மி.மீ. அசைகிற ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடிக்கிற கவை), முன்னால் மிதியோடு சுற்றுகிற பல்சக்கர ரிங் இரண்டு, பின்னால் பத்து. நல்ல வண்டி, ஒருநாளும் என்னை நடுவழியில் விட்டதில்லை. ஆனால் போன இரண்டு சீசனாக எந்த ரேஸ் ஆனாலும் கடைசிச் சுற்றில் இடுப்புக்கு மேலே முதுகு பிடித்துக்கொண்டுவிடும். மூச்சு இருக்கும், காலில் தெம்பும் இருக்கும், முதுகு மட்டும் ஒத்துழைக்காது. முதுகை மாற்ற முடியாது, வண்டியை மாற்றலாம் என்று தோன்றியது. கோயம்புத்தூர்க்கார நண்பர் ஒருவர் கேட்டார், "ஏனுங்க, அத்தனை ஆயிரம் டாலர் குடுத்து வாங்கினாலும் நீங்கதானே மிதிக்கோணும்?" சரியான கேள்விதான். அதற்குப் பதில் தேடித்தான் நாலு மாதம் போனது.

களத்தில் மூன்று வகை இருந்தன. முதலாவது கார்பன் ஹார்ட்டெயில்: ட்ரெக் ப்ரோகாலிபர், சான்டா குரூஸ் ஹைபால், கேன்யன் எக்ஸீட், ஓர்பேயா ஆல்மா, இந்த ரகம். மூன்றாவது முழு 120 மி.மீ. வண்டிகள்: ஸ்பெஷலைஸ்ட் எபிக் 8, ஸ்காட் ஸ்பார்க் ஆர்சி, கானன்டேல் ஸ்கால்பெல். இரண்டாவது வகை இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிற ஒரு விநோதம், ட்ரெக் சூப்பர்காலிபர், எபிக் வேர்ல்ட் கப் மாதிரி, பின்பக்கம் 75, 80 மி.மீ. மட்டும் அசைகிறவை. நான் வாங்கின வண்டியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அந்த 120 ரகத்துக்குள் எந்தக் கம்பெனி என்பதை விட எந்த அளவு, யார் செட் செய்தது என்பதுதான் பெரிய விஷயம் என்று இப்போது நினைக்கிறேன், அதற்கு ஒரு கதையும் இருக்கிறது.

முதலில் எடை. ஹார்ட்டெயில்காரர்கள் வாயைத் திறந்தால் எடைதான். என் கைக்கு எட்டுகிற விலையில் கார்பன் ஹார்ட்டெயில் பத்து கிலோ பக்கம் நிற்கிறது, 120 வண்டி பதினொன்றரையைத் தாண்டுகிறது. வித்தியாசம் 1.6 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கையில் தூக்கிப் பார்த்தால் பெரிசாகத் தெரியும். ஆனால் மலை ஏறும்போது தூக்குவது வண்டியை மட்டுமா? ஆள், ஹெல்மெட், ஷூ, தண்ணீர் எல்லாம் சேர்ந்து 83 கிலோ. அதில் 1.6 கிலோ என்பது நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. செங்குத்தான ஏற்றத்தில் அதே பலத்தோடு மிதித்தால் பத்து நிமிடத்துக்குப் பதினோரு விநாடி பின்தங்குவீர்கள், அவ்வளவுதான். நான் ஓட்டுகிற ரேஸில் ஒரு சுற்றுக்கு மொத்த ஏற்றம் பன்னிரண்டு நிமிடம், நாலு சுற்று, ஆக ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. இதை அலட்சியம் செய்யக் கூடாது, ஒரு நிமிடத்தில் எங்கள் பிரிவில் மூன்று பேர் முடித்துவிடுவார்கள். ஹார்ட்டெயில் பக்கம் இது நிஜமான பலம்.

அப்புறம் ஒலிம்பிக் கதையைச் சொல்வார்கள், இரண்டு தரப்பும். 2012 லண்டனில் நீனோ ஷூர்ட்டர் ஹார்ட்டெயிலில், யாரோஸ்லாவ் குல்ஹாவி ஃபுல் சஸ்பென்ஷனில். கடைசி வளைவு வரை ஒட்டி வந்து ஒரே ஒரு விநாடி வித்தியாசத்தில் குல்ஹாவி தங்கம் வாங்கினார். நாலு வருஷம் கழித்து ரியோவில் ஷூர்ட்டர் தங்கம் வாங்கியபோது அவரும் ஃபுல் சஸ்பென்ஷனுக்கு மாறியிருந்தார். டோக்கியோவிலும் பாரிஸிலும் டாம் பிட்காக் ஜெயித்தது ஃபுல் சஸ்பென்ஷனில்தான். பாரிஸில் நடுவில் பஞ்சர் ஆகி, சக்கரம் மாற்றிக்கொண்டு திரும்பி வந்து ஜெயித்தார். ஆக விவாதம் முடிந்தது என்று 120 கட்சி சொல்லும். எனக்கு அது அவ்வளவு சுலபமாகப் படவில்லை. உலகக் கோப்பைப் பாதைகளே மாறிவிட்டன. பாறைகளைக் கொண்டுவந்து கொட்டி, பள்ளம் தாண்ட வைத்து, தொலைக்காட்சிக்காகக் கட்டின பாதைகள். நம் உள்ளூர் ரேஸில் அதெல்லாம் எங்கே இருக்கிறது? வண்டியை ஒப்பிடுவதற்கு முன்னால் ஓட்டப் போகிற மண்ணைப் பார்க்கணும்.

எங்கள் மண் ஃபோர்ட் ஆர்ட். மான்டரே பக்கத்தில், சான் ஹோசேயிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம். அமெரிக்க ராணுவத்தின் பழைய பயிற்சி முகாம், 1994இல் மூடினார்கள், 2012இல் தேசியச் சின்னமாக அறிவித்தார்கள். ராணுவம் விட்டுப்போன வெடிக்காத குண்டுகள் இன்னும் கிடக்கலாம், பாதையை விட்டு விலகாதே என்று அங்கங்கே பலகை. ஒன்றுக்குப் போக ஓரம் ஒதுங்கினாலும் கொஞ்சம் யோசித்துத்தான் ஒதுங்கணும், குண்டு இல்லாவிட்டாலும் தொட்டால் அரிக்கிற பாய்சன் ஓக் செடி இருக்கும். பெரிய மலை கிடையாது. குட்டையாக, வெடுக்கென்று ஏறும் மேடுகள், கருவேலம் மாதிரி முறுக்கிக்கொண்டு வளர்ந்த ஓக் மரங்கள், புதர்களுக்கு நடுவில் வளைந்து வளைந்து ஓடும் ஒற்றையடிப் பாதை. கீழே முழுக்க மணல். பாறை என்று சொல்ல ஒன்றும் இல்லை.

பாறை இல்லாத பாதைக்கு எதற்கு ஃபுல் சஸ்பென்ஷன் என்று நானும்தான் கேட்டேன். அங்கேதான் நான் தப்புக் கணக்குப் போட்டிருந்தேன்.

சோதித்துப் பார்த்த இடம் சான்டா தெரசா பார்க், வீட்டிலிருந்து இருபது நிமிடம். அங்கே ராக்கி ரிட்ஜ் என்று ஒரு பாதை, பெயருக்கு ஏற்ற மாதிரி முழுக்கப் பாறைப் படிகள். வாடகைக்கு எடுத்த 120 வண்டியை ஒரு சனிக்கிழமை காலையும், நண்பரின் கார்பன் ஹார்ட்டெயிலை அடுத்த சனிக்கிழமையும் அங்கே ஓட்டினேன். இறக்கத்தில் எது ஜெயித்தது என்று சொல்லத் தேவையில்லை. எனக்கு ஆச்சரியம் தந்தது ஏற்றம். பாறைப் படி ஏறும்போது ஹார்ட்டெயிலில் ஒவ்வொரு படிக்கும் சீட்டிலிருந்து எழும்பணும், எழும்பினால் பின்சக்கரத்தின் மேல் பாரம் குறைந்து வழுக்கும், வழுக்கினால் கால் தரையில். 120 வண்டியில் உட்கார்ந்த இடத்திலேயே மிதித்துக்கொண்டிருந்தேன், பின்சக்கரம் அதுபாட்டுக்கு மேலே கீழே போய் மண்ணைப் பிடித்துக்கொண்டது. எடை கூடின வண்டி ஏற்றத்தில் லேசாக இருந்தது. அதே பூங்காவில் பரந்த மண்சாலை ஏற்றத்தில் கதை தலைகீழ்: ஹார்ட்டெயில் ஒரு மிதிக்கு ஒரு மிதி முன்னால் பாய்கிறது, மற்றது லாக்அவுட் போட்டு சஸ்பென்ஷனைப் பூட்டினாலும் கொஞ்சம் சோம்பல்தான்.

நடுவகை வண்டியை ஓட்டிப் பார்த்தது போன வருஷம் ஸீ ஆட்டர் சைக்கிள் திருவிழாவில். வருஷா வருஷம் ஏப்ரல் மாதம் லகூனா சேக்கா கார் ரேஸ் மைதானத்தில் நடக்கிறது, 1991இல் ஆரம்பித்தது. ரேஸ் ஒரு பக்கம், கடைகள் ஒரு பக்கம், நம்மூர்ப் பொருட்காட்சி மாதிரி. டெல்லி அப்பளத்துக்குப் பதில் எனர்ஜி பார். கடைகளில் வரிசையில் நின்றால் வண்டியைக் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொல்வார்கள். சூப்பர்காலிபர் 2019இல் வந்தபோது பின்பக்கம் 60 மி.மீ. தான், 2023இல் 80 ஆக்கினார்கள். பின்பக்கம் அடியை வாங்குகிற ஷாக்கே மேல் குழாயின் ஒரு பகுதியாக உட்கார்ந்திருக்கும், பார்க்க அழகு. ஓட்டினால் ஹார்ட்டெயில் மாதிரியே பாயும், கூர்மையான அடியை மட்டும் மழுக்கிக் கொடுக்கும். இருபது நிமிடம் ஓட்டியபோது இதுதான் என் வண்டி என்று முடிவே செய்துவிட்டேன்.

ஏன் வாங்கவில்லை? இரண்டு காரணம். விலை முழு 120 வண்டிக்குச் சமமாக இருக்கிறது, பாதி சஸ்பென்ஷனுக்கு முழு விலை கொடுக்கிற மாதிரி. இரண்டாவது, அந்த ஷாக் அந்த வண்டிக்கென்றே செய்தது. பழுதானால் எந்தக் கடையிலும் வாங்கி மாட்ட முடியாது. ரேஸை மட்டுமே நினைத்து வாழ்பவர்களுக்கு, இரண்டு வண்டி வைத்துக்கொள்ள வசதி இருப்பவர்களுக்கு அது அற்புதமான வண்டி. சனிக்கிழமை ரேஸும் ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு மலைச்சுற்றும் ஒரே வண்டியில் ஓட்டுகிற ஆளுக்கு இல்லை.

காசு விஷயம். நான் தேடின நேரத்தில் சுமாரான பாகங்கள் போட்ட கார்பன் ஹார்ட்டெயில் 3,000 டாலர் பக்கம், 120 வண்டி 4,700. வித்தியாசம் 1,700. அது வாங்குகிற அன்றைக்கு மட்டும். அப்புறம் பராமரிப்பு. ஃபோர்க்கின் கீழ்க்கால்களை 50 மணி நேரத்துக்கு ஒருமுறை திறந்து எண்ணெய் மாற்றச் சொல்கிறார்கள், வாரத்துக்கு எட்டு மணி நேரம் என்றால் ஆறு வாரத்துக்கு ஒரு தடவை. இது ஹார்ட்டெயிலுக்கும் உண்டு. ஆனால் பின் ஷாக், இணைப்புகளில் இருக்கிற பேரிங், அவற்றில் புகுந்துகொள்ளும் மணல், இதெல்லாம் கூடுதல். மான்டரே மணல் மாவு மாதிரி, எங்கே வேண்டுமானாலும் நுழையும். கடையில் கொடுத்தால் வருஷத்துக்கு முந்நூறு டாலராவது போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் எண்ணெய் மாற்றக் கற்றுக்கொண்டேன், சமையலறைத் தட்டு ஒன்றைக் கேட்காமல் எடுத்து அதில் பழைய எண்ணெயைப் பிடித்தேன், அந்த விவகாரம் இன்னும் முடியவில்லை.

பாகங்களில் நான் ரொம்ப யோசித்தது கியர். ஒயர்லெஸ் எலக்ட்ரானிக் வேண்டுமா, பழைய கேபிள் போதுமா? கேபிள்தான் எடுத்தேன். ஷிமானோ 12 கியர், முன்னால் 32 பல் ஒரே ரிங், பின்னால் 10 முதல் 51. பழைய வண்டியில் சின்ன கியர் முன்னால் 26, பின்னால் 36. அதை விட இது இலகு. முன்ரிங் ஒன்றாகக் குறைந்தால் ஏற்றத்தில் திணறணுமோ என்று பயப்படுபவர்களுக்குக் கணக்கு: 32ஐ 51ஆல் வகுத்தால் 0.63, சக்கரம் ஒரு சுற்றுக்கு 2.3 மீட்டர், நிமிடத்துக்கு 65 மிதி மிதித்தால் மணிக்கு ஐந்தரை கிலோமீட்டர். நடப்பதற்கு ஒரு படி மேல். அதற்கும் கீழே கியர் வேண்டும் என்றால் இறங்கித் தள்ளுவது உத்தமம். எலக்ட்ரானிக் அழகாக வேலை செய்கிறது, மறுக்கவில்லை, ஆனால் பின்னால் சங்கிலியைக் கியருக்குக் கியர் தள்ளுகிற டிரெய்லியர் கல்லில் அடிபட்டு உடைந்தால் கேபிள் வண்டிக்கு ஆகிற செலவைப் போலப் பல மடங்கு. நான் விழுகிற ஆள்.

ஓட்டிக்கொண்டே சீட்டை ஏற்றி இறக்க உதவுகிற டிராப்பர் சீட்போஸ்ட் வேண்டும். இதில் விவாதமே வேண்டாம். கால் கிலோ அதிகம்தான், ஆனால் இறக்கத்தில் சீட்டைக் கீழே இறக்கிவிட்டு உடம்பைத் தாழ்த்திக்கொண்டு போவதற்கும், வயிற்றில் சீட் இடிக்க இடிக்கப் பின்னால் தொங்கிக்கொண்டு போவதற்கும் உள்ள வித்தியாசம் ஒருதரம் ஓட்டினால் தெரியும். ஹார்ட்டெயில் வாங்குபவர்களும் சஸ்பென்ஷனில் மிச்சம் பிடித்த காசில் முதலில் இதைப் போடுங்கள்.

வண்டி வருவதற்கு முன்பே சீசன் ஆரம்பித்துவிட்டது. இங்கே மற்ற ஊர்களில் பனி கொட்டிக்கொண்டிருக்கும்போதே எங்களுக்கு ரேஸ் வந்துவிடும், மழைக்காலம் முடிகிற தறுவாயில். அதில் ஒரு நல்லது இருக்கிறது. ஃபோர்ட் ஆர்ட் மணல் ஈரமாக இருக்கும்போது கெட்டிப்பட்டுக் கிடக்கும், டயர் பல் பதியும். ஏப்ரல் மே ஆகிக் காய்ந்தால் அதே பாதை கடற்கரை மாதிரி ஆகிவிடும்.

முதல் ரேஸ், பிப்ரவரி கடைசி, பழைய ஹார்ட்டெயிலில். நாலு சுற்று. 31:10, 31:50, 33:20, 35:05. இந்த நாலு எண்ணைப் பாருங்கள், என் முதுகின் வரலாறு அதில் இருக்கிறது. பதினான்காவது இடம். முதல் சுற்றில் எட்டாவதாக இருந்தேன் என்பதுதான் வயிற்றெரிச்சல். கடைசிச் சுற்றில் ஒரு நேர்ப்பாதை, பாறை கிடையாது, மேடு கிடையாது, குதிரைகளும் சைக்கிள்களும் போய்ப் போய் அலை அலையாகப் பதிந்த மண், துணி துவைக்கிற பலகை மாதிரி. அதில் உட்கார்ந்து மிதிக்க முடியவில்லை, நின்று மிதிக்கத் தெம்பு இல்லை. சும்மா உருட்டிக்கொண்டு போனேன், என்னைத் தாண்டிப் போன ஆறு பேரில் நாலு பேர் உட்கார்ந்துகொண்டே போனார்கள். அப்போதுதான் புரிந்தது. நான் ராக்கி ரிட்ஜில் பாறையைத் தேடிக்கொண்டிருந்தேன், என்னை அடித்தது விரற்கடை உயர மண் அலை. பெரிய கல் வந்தால் எழுந்து நின்று சமாளிப்போம், இந்தச் சின்ன அடி இரண்டு மணி நேரம் விடாமல் விழும்.

மார்ச் முதல் வாரம் புது வண்டி வந்தது. ஷாக்கை நம் எடைக்கு ஏற்றாற்போல் அமைக்கும் வேலையை இரவு சாப்பாட்டுக்கு அப்புறம் கராஜில் வைத்துக்கொண்டேன். ரேஸ் உடுப்பு, ஷூ, ஹெல்மெட், தண்ணீர் எல்லாம் மாட்டிக்கொண்டு ஒரு கையைச் சுவரில் ஊன்றி வண்டியில் உட்காரணும். ஷாக்கின் மேல் ஒரு ரப்பர் வளையம் இருக்கும், அதைக் கடைசி வரை தள்ளி வைத்துவிட்டு, குலுக்காமல் மெல்ல இறங்கி, வளையம் எவ்வளவு நகர்ந்தது என்று அளக்கணும். என் ஷாக் 45 மி.மீ. நகரக்கூடியது, கால்பங்கு, அதாவது 11 மி.மீ. இறங்கினால் சரி. முன் ஃபோர்க் 120இல் ஐந்தில் ஒரு பங்கு, 24. மனைவி ஃபோன் வெளிச்சம் காட்டிக்கொண்டே, "ஏங்க, மணி பத்தரை, ஹெல்மெட்டோட கராஜ்ல உக்காந்திருக்கீங்க, பக்கத்து வீட்டுக்காரங்க பாத்தா என்ன நெனைப்பாங்க?" என்றாள். கடையில் காற்று அடித்துக் கொடுத்திருந்தார்கள், ஆனால் என்னை விட இருபது கிலோ கூடின ஆளுக்கு ஏற்ற அழுத்தம். பாதிக்கு மேல் அசையவே இல்லை. இப்படியே ஓட்டியிருந்தால் ஃபுல் சஸ்பென்ஷன் என்பதே ஏமாற்று என்று எழுதியிருப்பேன்.

அதோடு நிறுத்தியிருக்கக் கூடாது, டயரையும் பார்த்திருக்கணும்.

இரண்டாவது ரேஸ், மார்ச் நடுவில். புது வண்டி. முதல் சுற்று சுகமாகப் போனது, இரண்டாவது சுற்றில் ஓக் மரத்தடியில் ஒரு சின்ன முள்ளோ குச்சியோ, பின் டயர் "உஸ்". டியூப்லெஸ் டயர், உள்ளே ஓட்டையை அடைக்கிற சீலன்ட் திரவம் இருக்கிறது, சுற்றவிட்டால் அடைத்துக்கொள்ளும் என்று நம்பிக்கையோடு சுற்றினேன், சுற்றிக்கொண்டே இருந்தேன், காற்று போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் டயரைப் பிரித்தால் உள்ளே காய்ந்த வெள்ளைத் துணி மாதிரி சுத்தம். ஒரு சொட்டு சீலன்ட் இல்லை. ஊற்ற மறந்துவிட்டார்கள். எந்தக் கடை என்பது வேண்டாம், திரும்பப் போனபோது மரியாதையாக மன்னிப்புக் கேட்டு ஊற்றிக் கொடுத்தார்கள், ரேஸ் திரும்பக் கிடைக்குமா? வண்டியைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டரை கிலோமீட்டர் மணலில் நடந்தேன். அந்த நடையில் 1.6 கிலோ வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது என்பதையும் நேர்மையாகப் பதிவு செய்கிறேன்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். ரேஸுக்கு முந்தின நாள் சக்கரத்தைக் கழற்றிக் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டுவேன். களுக் களுக் என்று சத்தம் வரணும், இளநீர்க் காயை ஆட்டிப் பார்க்கிற மாதிரி. வரவில்லை என்றால் ஊற்று.

மூன்றாவது ரேஸ், மாத முடிவில், முதல் ரேஸ் நடந்த அதே பாதை. 31:30, 31:40, 31:55, 32:40. முதல் சுற்று ஹார்ட்டெயிலை விட இருபது விநாடி மெதுவு. கடைசிச் சுற்றில் இரண்டு நிமிடம் இருபத்தைந்து விநாடி வேகம். மொத்தத்தில் 3 நிமிடம் 40 விநாடி மிச்சம், ஒன்பதாவது இடம். ஒரு மாதப் பயிற்சியும் இதில் சேர்ந்திருக்கும், எல்லாப் புகழையும் வண்டிக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் பயிற்சியால் வந்த வேகம் என்றால் முதல் சுற்றும் வேகமாகியிருக்கணும் இல்லையா? அந்தத் துணி துவைக்கிற பலகையில் இந்தத் தடவை உட்கார்ந்துகொண்டே மிதித்தேன். முதுகு இருக்கிறதா என்பதே மறந்துபோச்சு.

டயரையும் மாற்றியிருந்தேன், அதைச் சொல்லாமல் விட்டால் பொய். முன்னால் மேக்ஸிஸ் ரெகான் ரேஸ், பின்னால் ஆஸ்பென், இரண்டும் 2.4 இன்ச் அகலம். முன்னால் 17 பிஎஸ்ஐ, பின்னால் 19. பழைய வண்டியில் 2.2 டயரை 24இல் ஓட்டிக்கொண்டிருந்தேன், கெட்டியாக இருந்தால் வேகம் என்ற பழைய நினைப்பு. மணலில் கெட்டி டயர் கத்தி மாதிரி உள்ளே இறங்கும், அகல டயரில் காற்றைக் குறைத்தால் மேலே மிதக்கும். ஹார்ட்டெயில் வைத்திருப்பவர்கள் வண்டி மாற்றுவதற்கு முன்னால் இதைச் செய்து பாருங்கள், நூற்றைம்பது டாலரில் பாதி வித்தியாசம் கிடைக்கும். நான் செய்யாமல் விட்டேன், நாலாயிரத்துச் சொச்சம் செலவழித்தேன்.

ஸீ ஆட்டர் ஏப்ரலில். ஃபுவேகோ என்கிற ரேஸ், 40 கிலோமீட்டர், ஒரே பெரிய சுற்று. கார் ரேஸ் டிராக்கின் தார்ச்சாலையில்தான் ஆரம்பம், துப்பாக்கி வெடித்ததும் எல்லாரும் ரோடு ரேஸ் மாதிரி அடித்துக்கொண்டு போவார்கள். மண்பாதை குறுகுவதற்குள் முன்னால் போகாவிட்டால் கூட்டத்தில் மாட்டிக்கொள்வோம். இங்கே ஹார்ட்டெயில் ராஜா. இரண்டு பக்கமும் லாக் செய்துகொண்டு தம் கட்டி மிதித்தும் ஹார்ட்டெயில்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் என்னை விட்டுவிட்டுப் போனார்கள். அகலமான மண்சாலைகளிலும் அவர்கள் கை ஓங்கித்தான் இருந்தது. இந்த ரேஸை மட்டும் கருத்தில் வைத்து ஒருவர் ஹார்ட்டெயில் வாங்கினால் நான் சண்டைக்குப் போக மாட்டேன். மேட்டிலிருந்து ஃபோர்ட் ஆர்ட் பக்கம் இறங்கி, அங்கே சுற்றிவிட்டு, முடிக்கிறதுக்கு மறுபடி டிராக் இருக்கிற மேட்டுக்கு ஏறணும். காய்ந்த மணல், மதிய வெயில், எதிர்க்காற்று. அந்தக் கடைசி ஏற்றத்தில் ஆரம்பத்தில் என்னை விட்டுப் போனவர்களில் ஏழு பேரைப் பிடித்தேன். மற்றவர்களைப் பிடிக்கவில்லை. அவர்கள் வண்டியால் அல்ல, காலால் ஜெயித்தவர்கள்.

ஆக என் கணக்கில் இரண்டு மணி நேரத்தைத் தொடுகிற ரேஸ், நாற்பது தாண்டின உடம்பு, ஒரே வண்டி என்றால் 120. ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற ரேஸ், மண்சாலை ஏற்றம் அதிகமான பாதை, இல்லை கையில் மூவாயிரம்தான் இருக்கிறது என்றால் கார்பன் ஹார்ட்டெயிலும் நல்ல டயரும் டிராப்பரும். மூவாயிரத்துக்கு மட்டமான ஃபுல் சஸ்பென்ஷன் வாங்குவது மட்டும் வேண்டவே வேண்டாம், பதினாலு கிலோ இரும்பை மலை மேல் இழுப்பீர்கள். இதே கலிஃபோர்னியாவில் 1976இல் ஃபேர்ஃபாக்ஸ் ஊர் மலைச்சரிவில் ரீபேக் ரேஸ் ஓட்டியவர்கள் எந்த சஸ்பென்ஷனும் இல்லாத பழைய பேப்பர்காரப் பையன் சைக்கிளில் இறங்கினார்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பின் பிரேக்கின் கிரீஸ் புகைந்து எரிந்துபோக, திரும்ப அடைத்தால்தான் அடுத்த ஓட்டம், அதனால்தான் அந்தப் பெயரே. அவர்களுக்கு அப்போது இருபது சொச்சம் வயது என்பதையும் சேர்த்துச் சொல்லணும்.

பழைய ஹார்ட்டெயில் சும்மா இல்லை. கோயம்புத்தூர்க்கார நண்பரின் மகன் இந்த வருஷம் ஒன்பதாம் வகுப்பு, பள்ளி மவுண்டன் பைக் அணியில் சேர்ந்திருக்கிறான். இங்கே பள்ளி ரேஸ் வசந்த காலத்தில் நடக்கும், யாரையும் பெஞ்சில் உட்கார வைப்பதில்லை, சேர்ந்த பிள்ளைகள் எல்லாரும் ஓட்டலாம். பதினாலு வயசுப் பையனுக்கு ஹார்ட்டெயில்தான் சரி, முதுகு ரப்பர் மாதிரி இருக்கிறது, தப்பான வழியில் போனால் வண்டி உடனே தட்டிச் சொல்லிவிடும். முன் இரண்டு ரிங்கை எடுத்துவிட்டு ஒன்றாக்கினேன், 2.4 டயர் உள்ளே நுழையவில்லை, 2.25 போட்டேன்.

போன வாரம் அவனுடைய முதல் ரேஸ். முந்தின நாள் சாயங்காலம் கராஜுக்கு வந்து பின்சக்கரத்தைக் கழற்றினான். "அங்கிள், எவ்வளவு சத்தம் வரணும்?" என்றான். காதுகிட்ட வெச்சுப் பாரு என்றேன். கண்ணை மூடிக்கொண்டு ஆட்டினான். களுக். இன்னொரு தரம் ஆட்டிவிட்டு, "கொஞ்சமாத்தான் இருக்கு" என்று பாட்டிலை எடுக்கப் போனான்.